ஆஸ்பத்திரிக்கு ஒரு கணக்குப்பிள்ளை

வியாதியைப் போக்கிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். போன இடத்தில் புதிதாக ஒரு வியாதி ஒட்டிக்கொண்டால்? ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிப்பதும், மூத்திரக் குழாய் வழியே கிருமி ஏறுவதும் பணக்கார நாடுகளிலும் நடக்கிற சங்கதிகள்தாம். இந்த அபாயம் யாருக்கு என்று கம்ப்யூட்டர் கண்டு சொல்லக் கூடாதா? இதற்காக ஐம்பது வருஷமாக நடந்துவரும் முயற்சியின் கதை சுவையானது.

கெட்டிக்கார யந்திரம்

1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 'மைசின்' பிறந்தது. உடம்பில் புகுந்த கிருமி எது, அதற்கு மருந்து எது என்று யோசனை சொல்லும் கம்ப்யூட்டர் ஏற்பாடு அது. மூளைக் காய்ச்சல் கண்ட 10 நோயாளிகளின் விவரங்களை அதனிடமும் டாக்டர்களிடமும் கொடுத்தார்கள். எந்த விடை யாருடையது என்று தெரியாமலே 8 நிபுணர்கள் திருத்தினார்கள். 1979-ல் முடிவு வெளியாயிற்று. மைசினுக்கே முதலிடம்!

ஆனாலும் அன்றாட வைத்தியத்தில் அது புகவே இல்லை. முக்கியமான ஒரு காரணம், அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் டாக்டர் உட்கார்ந்து பதில் தட்ட வேண்டும். அரை மணிக்கு மேல் ஆகும். வார்டு நிறைய நோயாளிகள் காத்திருக்கையில் யாருக்கு அவகாசம்?

கேள்வி கேட்காத உதவியாள்

சால்ட் லேக் நகரத்து எல்.டி.எஸ். ஆஸ்பத்திரியில் வேறு வழி கண்டார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு, கொடுத்த மருந்து எல்லாம் அங்கே ஏற்கெனவே கம்ப்யூட்டரில் பதிவாகி வந்தன. அந்தப் பதிவுகளை அதுவே புரட்டி, "இன்னாருக்கு இங்கே தொற்று வந்திருக்கலாம்" என்று ஜாபிதா போடும்படி செய்தார்கள். 1986-ல் வெளியான ஒப்பீட்டில், உறுதியான தொற்றுகளில் 90 சதவிகிதத்தை அது பிடித்தது. பழைய முறையில் தேடியவர்கள் பிடித்தது 76. பிடித்த நேரமோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்!

வீண் மணி

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கூடாது. தொற்று முற்றி உயிருக்கு உலை வைக்கும் 'செப்சிஸ்' நிலையை முன்னறிவிக்க, அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் ஒரு கருவியை வைத்திருந்தன. மிச்சிகன் சர்வகலாசாலையார் அதைச் சோதித்து 2021-ல் எழுதினார்கள். செப்சிஸ் கண்ட மூவரில் இருவரை அது கோட்டை விட்டிருந்தது. ஆனால் 100 நோயாளிகளில் 18 பேருக்கு மணி அடித்திருந்தது! ஓயாமல் வீண் மணி அடித்தால், நிஜ மணிக்கு எந்த நர்ஸ் ஓடி வருவார்?

ஆகவே, கருவி செய்வோருக்கு மூன்று பாடங்கள். நர்ஸின் நேரத்தைத் தின்னக் கூடாது. எச்சரித்தால் காரணத்தையும் காட்ட வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் வைத்தாலும் அங்குள்ள நோயாளிகளிடம் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

கணக்குப்பிள்ளை ஏட்டைப் பார்த்துச் சொல்லட்டும், தீர்மானம் டாக்டருடையது. சோப்புப் போட்டுக் கை கழுவும் வேலையையோ எந்தக் கம்ப்யூட்டரும் நமக்காகச் செய்துவிடாது!