சொல் சேர்த்த பாதிரியார்

மதம் பரப்ப வந்த ஜெர்மானியர் ஒருவரைக் கன்னடர்கள் அகராதிக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்

பெங்களூர் மகாத்மா காந்தி சாலை முடியும் இடத்தில், மேயோ ஹால் அருகே, ஒரு வெள்ளைக்காரருக்குச் சிலை இருக்கிறது. அவர் கவர்னர் அல்ல. படைத்தளபதியும் அல்ல. ஆங்கிலேயர்கூட அல்ல. கிறிஸ்தவ மிஷன் ஒன்றின் ஊழியராக ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஆனால் ஃபெர்டினாண்ட் கிட்டலுக்குக் கன்னட நாட்டில் சிலை வைத்தது அவர் பரப்பிய மதத்துக்காக அல்ல. அவர் தொகுத்த அகராதிக்காக.

கிட்டல் 1832-ல் ஜெர்மனியின் வடமேற்குக் கடலோரப் பகுதியில் பிறந்தார். தந்தையும் பாதிரியார். 1850-ல் ஸ்விட்சர்லாந்தில் உள்ள பாசல் மிஷனின் கல்லூரியில் சேர்ந்தார். 1853-ல் தார்வாட் பகுதிக்கு அனுப்பப்பட்டபோது வயது 21.

வெளிநாட்டு ஊழியம் என்பது அன்று தனி மனிதரின் விருப்பம் மட்டுமல்ல. 1815-ல் தொடங்கிய பாசல் மிஷன், 1834-ல் மங்களூரில் கால் பதித்தது. யார் எந்த ஊரில் வேலை செய்வது என்பதைப் பாசல் நகரில் இருந்த கமிட்டி முடிவு செய்தது. திருமணத்துக்கும் கமிட்டியின் சம்மதம் வேண்டும். பள்ளிக்கூடம், அச்சகம், நெசவாலை, ஓட்டுத் தொழிற்சாலை என்று மிஷனின் வேலைகள் விரிந்தன. வேலையின் விவரம் தலைமையகத்துக்கு அறிக்கையாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த அறிக்கைகளின் அளவுகோலில் கிட்டல் தேறவில்லை. இந்தியர்களிடம் பேச வேண்டுமானால் இந்தியர்களோடு இந்தியராக வாழ வேண்டும் என்று அவர் நினைத்தார். சக ஊழியர்களுக்கு இது பிடிக்கவில்லை, உரசல் வந்தது. பிரசங்கியாகவும் அவர் வெற்றி பெறவில்லை. மிஷனின் கணக்கில் அவர் தோற்றுப்போனவர்.

ஆனால் தோற்ற இடத்தில் அவருக்கு ஒரு மொழி கிடைத்தது. பழைய கன்னட இலக்கியத்தில் மூழ்கினார். இயேசுவின் கதையைக் கன்னட யாப்பில் பாடி, 1862-ல் 'கதாமாலெ' என்ற பெயரில் வெளியிட்டார். கேசிராஜனின் 'சப்தமணிதர்ப்பணம்' என்ற இலக்கண நூலையும், நாகவர்மனின் 'சந்தோம்புதி' என்ற யாப்பு நூலையும் 1870-களில் பதிப்பித்தார். போதிக்க வந்தவர் மாணவராகிவிட்டார்.

கன்னடத்துக்கு அகராதியே இல்லாமல் இல்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ரீவ் தொகுத்த அகராதி 1832-ல் வந்தது. அதை வெஸ்லியன் மிஷனின் டேனியல் சாண்டர்சன் திருத்தி 1858-ல் பெங்களூரில் வெளியிட்டார். கிட்டலுக்கு அது போதவில்லை. 1877-ல் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்ட அவர், அகராதி வேலைக்காகவே 1883-ல் மீண்டும் இந்தியா வந்தார். ஒன்பது ஆண்டுகள் உழைத்தார். 1894-ல் மங்களூரில் கன்னட - ஆங்கில அகராதி வெளிவந்தது. சுமார் 70,000 சொற்கள். 1,700-க்கும் மேற்பட்ட பக்கங்கள். தொகுத்தவருக்கு வயது 62.

கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த அகராதியில் ஒரு தனி லாபம் உண்டு. கன்னடச் சொல்லுக்குப் பக்கத்திலேயே அதன் தமிழ், தெலுங்கு, மலையாள, துளு உறவுகளையும் கிட்டல் கொடுத்துவிடுகிறார். பெங்களூர்த் தமிழர் தினமும் கேட்கும் 'ஹாலு' நம்முடைய பால்தான். 'ஹுலி' புலி, 'ஹெசரு' பெயர். பழங்கன்னடத்தின் பகரம் பிற்காலத்தில் ஹகரமானது. சமஸ்கிருதம் திராவிட மொழிகளிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறது என்று முன்னுரையில் நீண்ட பட்டியலே போட்டார். இலக்கியச் சொல்லோடு பழமொழிகளுக்கும் இடம் கொடுத்தார்.

இத்தகைய உழைப்பில் அவர் தனி ஆள் அல்ல. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வின்ஸ்லோவின் தமிழ் - ஆங்கில அகராதி 1862-ல் சென்னையில் வெளியானது. பாசல் மிஷனின் ஹெர்மன் குண்டர்ட் தொகுத்த மலையாள அகராதி 1872-ல் வந்தது. அதே மிஷனின் மேன்னர் 1886-ல் துளு அகராதியைக் கொடுத்தார்.

இதில் மறுபக்கமும் இருக்கிறது. மிஷன்கள் மொழிகளைப் படிக்கச் சொன்னது மதமாற்றத்துக்கு உதவும் என்றுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஐரோப்பியர்களுக்குப் பழைய நூல்களைப் படித்து விளக்கிய உள்ளூர்ப் பண்டிதர்களின் பெயர்கள் அட்டையில் ஏறவில்லை என்பதும் உண்மை. கிட்டலின் சிலைக்குப் பின்னால் சிலை இல்லாத பலர் நிற்கிறார்கள்.

1896-ல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் கிட்டலுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1903-ல் அவருடைய கன்னட இலக்கண நூல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ட்யூபிங்கனில் காலமானார்.

அதே 1903-ல் இன்னொரு திசையில் பயணம் தொடங்கியது. முந்தைய ஆண்டு யாழ்ப்பாணம் சென்ற வி.எஸ். அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷன் நடத்துவதைப் பார்த்திருந்தார். ஊர் திரும்பியதும் நண்பர்களோடு சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் தேர்ந்தெடுத்த களம், நிஜாம் ராஜ்யத்திலிருந்த டோர்ணக்கல் பகுதி. திருநெல்வேலித் தமிழருக்கு அது ஏறக்குறைய வெளிநாடு. அங்கேயும் தெலுங்கு கற்காமல் எதுவும் நடக்காது.

1914-ல் முதல் உலகப்போர் மூண்டபோது இந்தியாவிலிருந்த ஜெர்மன் மிஷனரிகள் காவலில் வைக்கப்பட்டார்கள். பாசல் மிஷனின் தொழிற்சாலைகள் கைமாறின. அகராதிக்கு மட்டும் அப்படி ஒரு முடிவு வரவில்லை. 1968 முதல் 1971 வரை, மரியப்ப பட் விரிவாக்கிய பதிப்பை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது சென்னைப் பல்கலைக்கழகம்.

அன்னிய மண்ணில் ஊழியம் செய்யப் போகிறவர்கள் எதைக் கொடுத்துவிட்டு வந்தோம் என்றுதான் கணக்கு எழுதுவார்கள். கிட்டலின் கதை வேறு கணக்கைக் காட்டுகிறது. அவர் கொடுக்க வந்ததைப் பெரும்பாலோர் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் இங்கே கற்றுக்கொண்டதைத்தான் இந்த நாடு பத்திரமாக வைத்திருக்கிறது.