முதலில் பெற்றோல், கடைசியிலும் பெற்றோல்

நிந்தவூர்க் கரையில் விடியற்காலையில் மண்ணெண்ணெய் எஞ்சின் பூட்டிய படகு ஒன்று கடலில் இறங்குவதைக் கிட்ட நின்று பாருங்கள். எஞ்சினுக்கு எண்ணெய் இரண்டு இடத்திலிருந்து வரும். படகின் அடியில் கிடக்கும் பெரிய கேனில் மண்ணெண்ணெய், கைக்கு எட்டும் சின்னத் தாங்கியில் பெற்றோல். இரண்டின் டியூப்பும் மூன்று வாய் வைத்த ஒரு திருகில் வந்து சேரும். அங்கிருந்து ஒரே டியூப்தான் காபரேட்டருக்குப் போகும்.

கயிற்றை இழுத்ததும் எஞ்சின் எழும்புவது பெற்றோலில். உடம்பு சூடேறச் சில நிமிடம் விடுவார்கள், பிறகு திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவார்கள். ஏன் இந்தச் சுற்று? நேரே மண்ணெண்ணெயிலேயே கிளப்பினால் என்ன?

எஞ்சினுக்குள் எரிவது திரவமல்ல, ஆவி. பெற்றோல் நம் ஊர் வெயிலே போதும் என்று ஆவியாகிவிடும்; பனி உறையும் குளிரிலும் அதன் ஆவி தீப்பொறியில் பற்றும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்க ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வேண்டும், அதன் கனமான பகுதிகளுக்கு 250க்கும் மேலே. குளிர்ந்த சிலிண்டருக்குள் அது துளித்துளியாகவே போய் பிளக்கை நனைக்கும். உலோகம் சூடேறிய பின்னரே ஆவியாகி ஒழுங்காக எரியும். பெற்றோலின் வேலை அந்தச் சூட்டை உண்டாக்கிக் கொடுப்பது.

இன்னொரு குறையும் உண்டு. மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலைவிட மிகக் குறைவு. அழுத்தம் கூடினால் பொறியின் சுடர் வந்து சேருமுன்னே தானாக வெடிக்கும். எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை கேட்கும். அதனால்தான் யமஹா, சுசூகி போன்ற நிறுவனங்கள் மண்ணெண்ணெய்க்கென்றே அழுத்தம் குறைத்த எஞ்சின்களைச் செய்து விற்கின்றன. இந்த யோசனை அவர்களுக்கும் முந்தியது. 1949இல் வந்த பெர்குசன் டிராக்டர் வகையொன்று பெற்றோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாறி வயல் உழுதது.

வடக்கில் இதே வித்தையைத் தேவை கற்றுக்கொடுத்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. கறுப்புச் சந்தையில் கிடைத்த துளிப் பெற்றோலைச் சிறு போத்தலில் வைத்து, காபரேட்டருக்குக் கொஞ்சம் காட்டி மோட்டார் சைக்கிளையும் பழைய காரையும் கிளப்பினார்கள். மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில். வண்டி ஓடியது, ஆனால் புகை கக்கியது, பிளக்கில் கரி படிந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஒயிலை நீராக்கியது. ஒயில் மெலிந்தால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும்.

இனி டியூப்புக்கு வருவோம். படகில் கேன் எஞ்சினைவிடத் தாழ்வாக இருப்பதால் எண்ணெய் தானாக ஏறாது. அதற்குத்தான் டியூப்பின் நடுவே கைக்கு அடங்கும் ரப்பர் பந்து. அதன் இரு முனையிலும் ஒருவழி வால்வு. மேலே ஓர் அம்புக்குறி. அம்பு எஞ்சினைப் பார்க்க வேண்டும். மாற்றிப் பூட்டினால் எத்தனை தரம் அமுக்கினாலும் பந்து இறுகாது. சரியாகப் பூட்டியிருந்தால் ஏழெட்டுத் தரத்தில் கல்லாக இறுகும். எண்ணெய் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். ஓடும்போது பந்து சப்பிப்போனால் கேன் மூடியின் காற்றுத் துளை மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திருகை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். திருப்பிய அந்த நொடியே எண்ணெய் மாறிவிடாது. திருகிலிருந்து காபரேட்டர் வரை டியூப்பில் நிற்பதும், காபரேட்டர்க் கிண்ணத்தில் நிற்பதும் தீரும்வரை பழைய எண்ணெய்தான் எரியும். திருகு எஞ்சினுக்குக் கிட்ட இருந்தால் அந்தக் காத்திருப்புக் குறையும்.

காரில் எஞ்சின் மாற்றுகிறவர்களும் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்க வேண்டும், இன்னும் இரண்டைக் கூட்டி. ஒன்று சூடு: சைலன்சர்க் குழாயை ஒட்டி டியூப் போனால் பெற்றோல் வழியிலேயே குமிழியாகி, நடுவீதியில் வண்டி நிற்கும். மற்றது அழுத்தம்: பழைய காபரேட்டர் எஞ்சினுக்கு கால் பார் அளவே போதும், ஊசிவழி பெற்றோல் பீய்ச்சும் புதிய எஞ்சினுக்கு மூன்று பாருக்குக் கிட்ட வேண்டும். பழைய டியூப்பையும் கிளிப்பையும் அப்படியே விட்டுப் புது எஞ்சினை ஏற்றினால், தெறிக்கும் பெற்றோல் சூடான இரும்பைத் தேடிப் போகும்.

படகில் மண்ணெண்ணெயோடு இவ்வளவு பாடும் படுவது விலைக்காகத்தான். 2022 ஆகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய்; அப்போது பெற்றோல் 450. ஆகஸ்ட் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனது. பழைய இலாபத்தில் பெரும்பங்கு போய்விட்டது. ஆனாலும் பூட்டிய எஞ்சினை ஒரு நாளில் மாற்றிவிட முடியாதே.

மீனோடு திரும்பும்போது, கரை தெரியத் தொடங்கியதும் தகப்பன் முன்னணியத்திலிருந்து சத்தம் போடுவார்: “மகன், பெற்றோலுக்குத் திருப்பிட்டியா?”

“திருப்பிட்டன் வாப்பா.”

கரை தட்டுமுன் கிண்ணத்தில் நிற்பது முழுக்கப் பெற்றோலாக வேண்டும். மறந்துவிட்டால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் விடியலில் குளிர்ந்த எஞ்சின் எழும்பாது. மற்றப் படகுகள் போய்க்கொண்டிருக்க, மகன் டோர்ச் வெளிச்சத்தில் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பான்.