நல்ல கைக்கு உறை, வாதக் கைக்கு வேலை

உங்களுக்குத் தெரியுமா? பக்கவாதம் வந்தவரின் நன்றாக இருக்கும் கையைக் கட்டிப்போடுவதும் ஒரு சிகிச்சைதான்!

வாதம் தாக்கிய கை முதல் சில வாரங்கள் சொன்னபடி கேட்காது. சோறு பிசைவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாமே மறு கைக்குப் போய்விடும். பிறகு தெம்பு ஓரளவு திரும்பினாலும், அந்தக் கையை மறந்திருக்கவே மூளை பழகியிருக்கும். குரங்குகளிடம் இதைக் கண்ட அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், மனிதர்களுக்கு ஒரு வழி வகுத்தார். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் தடித்த உறை. தினமும் பல மணி நேரம் வாதக் கைக்குப் பயிற்சி. இப்படி இரண்டு வாரம்.

பலன் உண்டா? பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. இச்சிகிச்சை பெற்றவர்களின் கை, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுடையதைவிட நன்றாக இயங்கியது. ஓராண்டு கழித்தும் அந்த முன்னேற்றம் நீடித்தது. "இனி அவ்வளவுதான்" என்று சில மாதங்களிலேயே பயிற்சியை நிறுத்திவிடும் வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

எல்லோருக்கும் பொருந்தாது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிய வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையும் தேவை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் உறையைக் கழற்றிவிடலாம்.