குதிரை லாயத்தில் விரிசல் விட்ட பித்தளை

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு மறுபடி உதவுமா என்று பெம்பான் ஊர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உதவும். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் போட்டிகளில் சுடுபவர்களும் ஒரே கூட்டைப் பலமுறை நிரப்புகிறார்கள். மலேசியாவிலோ 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம். ஆனாலும் அந்த உலோகத்தின் கதை தோட்டப்புறத்து மக்களுக்கு நெருக்கமானது.

அது 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது கூடு விரிந்து துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வெடிவாயு பின்பக்கம் கசியாது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கும், உருவுவது எளிது. இப்படி விரிந்து சுருங்கி, மறுபடி அச்சில் அழுந்தி, பித்தளை இறுகிப்போகிறது. பால்மரத்தில் பால் வடியும் மங்கைத் தாங்கும் கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா? கூட்டின் கழுத்தும் அப்படித்தான் வெடிக்கும். அதனால் கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்குவார்கள்.

ஒரு முறைகூடச் சுடாத கூடுகளும் வெடித்ததுதான் விந்தை!

பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் படை நடவடிக்கைகள் நின்றுவிடும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல கூடுகளில் விரிசல். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, பித்தளையிலுள்ள செம்பை அரித்திருக்கிறது. தகட்டை இழுத்துக் கூடாக்கியபோது உள்ளே தங்கிய இறுக்கம் அந்த அரிப்பை விரிசலாகப் பிளந்திருக்கிறது. செய்துமுடித்த கூட்டை மிதமாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தணிப்பதே தீர்வானது.

1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட மலாக்காவில் அம்மோனியா வாடை புதிதல்ல. ரப்பர்ப்பால் உறையாமலிருக்கக் கலப்பது அதைத்தான். அந்தப் பால் தொடும் இடத்தில் செம்பும் பித்தளையும் ஆகாது. அம்மோனியா உலோகத்தை அரிக்கும். கரைந்த செம்பு ரப்பரைப் பிசுபிசுப்பாக்கிக் கெடுக்கும்.

இதை அறிந்த ஊரில்கூடப் பாட்டி காலத்துப் பித்தளைக் குடங்கள் மாட்டுக்கொட்டகை மூலையிலும் கோழிக்கூண்டின் அடியிலும் கிடப்பது வருத்தம் தருகிறது. அங்கும் கழிவிலிருந்து எழுவது அதே அம்மோனியா. தட்டிச் செய்த குடத்தின் உடலிலும் இறுக்கம் தங்கியிருக்கும். பளபளப்புக்காக அம்மோனியா கலந்த திரவம் போட்டுத் தேய்ப்பதும் தவறு. புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காற்றோட்டமான அலமாரியில் வைத்தால் அந்தக் குடம் பேத்திக்கும் உதவும்.