ஒற்றை இலையும் அதன் வேரும்

பசறைப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: “டீச்சர், கட்டிங் வேர் பிடிக்க எந்த ஓமோன் பொடி நல்லது?” பதுளையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்ற நம்பிக்கை. என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. தேயிலைக்குப் பொடி தேவையில்லை. வேண்டிய ஓமோனை அந்தத் துண்டே செய்துகொள்ளும். நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

நான் லயத்தில் வளர்ந்தவள். அம்மா தோட்டத்து நர்சரியில் வேலை செய்தார். கட்டிங் வெட்டும் காலத்தில் விடிவதற்குள் போய்விடுவார். வெயில் ஏறுமுன் தாய்ச்செடியின் கிளைகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். நுனியிலுள்ள இளந்தண்டு அழுகிப்போகும் என்று ஒதுக்குவார்கள். அடியில் பழுப்பேறி முற்றியதும் ஆகாது. இடைப்பட்ட பகுதியில், இலைக்குச் சற்று மேலே இலையின் சரிவுக்கு ஒப்ப ஒரு சாய்வெட்டு. கீழே ஒன்றரை அங்குலத்துக்குள் தண்டு விட்டு இன்னொன்று. கத்தி மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கும், நசுங்கியது வேர் விடாது. ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு மொட்டு, விரல்நீளம்கூட இல்லாத தண்டு. அறுபது எழுபது வருடம் கொழுந்து தரப்போகும் செடிக்கு அவ்வளவுதான் முதல். அம்மாவின் கண்டிப்பெல்லாம் இலையின் மீதுதான். “இலைய கசக்கிறாத புள்ள, இலை உதுந்தா வேரும் இல்ல.”

ஏன் இல்லை என்பதை நான் பின்னால் புத்தகத்தில் படித்தேன். புல் நாற்றின் நுனிதான் ஒளியை உணர்கிறது, அங்கிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்குகிறது என்று 1880இல் சார்ல்ஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் எழுதினார்கள். அந்தச் செய்தி ஒரு பொருள் என்பதை 1920களின் பிற்பகுதியில் ஒல்லாந்தின் பிரிட்ஸ் வென்ட் காட்டினார். ஓட்ஸ் நாற்றின் நுனிகளை வெட்டி அகார்க் கட்டிமேல் வைத்தார். பிறகு நுனி இல்லாத நாற்றின் ஒரு பக்கத்தில் அந்தக் கட்டியை வைத்தபோது நாற்று வளைந்து வளர்ந்தது. ஒட்சின் என்று நாம் சொல்லும் ஓமோன் இதுதான். 1935இல் அமெரிக்காவில் சிம்மர்மனும் வில்கொக்சனும் இதன் உறவுப் பொருட்கள் சில தண்டில் வேர் கிளப்பும் என்று கண்டார்கள். கடையில் விற்கும் பொடியின் கதை அங்கே தொடங்குகிறது.

மொட்டிலும் இலையிலும் உண்டாகும் ஒட்சின், கலத்திலிருந்து கலத்துக்கு, மணிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீற்றர் வேகத்தில் கீழ்நோக்கியே நகரும். ஒவ்வொரு கலத்தின் அடிப்பக்கத்திலும் அதை வெளியே தள்ளும் புரதங்கள் உண்டு. முழுச் செடியில் அது வேர்வரை போய்விடும். வெட்டிய துண்டில் போக வழியில்லை. கீழ் வெட்டுவாயில் வந்து தேங்குகிறது. அதே நேரம் இன்னொன்றும் நடக்கிறது. சைற்றோகைனின் என்ற ஓமோன் பெரும்பாலும் வேர்நுனியில் உண்டாகி மேலே ஏறுவது; வேர் போனதும் அதன் வரத்தும் குறைகிறது. 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் புகையிலைத் திசுவில் காட்டினார்களே, ஒட்சின் மிஞ்சினால் வேர், சைற்றோகைனின் மிஞ்சினால் தளிர் என்று, அந்தக் கணக்கு வெட்டுவாயில் வேருக்குச் சாதகமாகத் திரும்பிவிடுகிறது. அங்குள்ள சில கலங்கள் தண்டு வேலையை விட்டு வேர் வேலைக்கு மாறுகின்றன. இரண்டு மூன்று மாதத்தில் வெள்ளை வேர்கள் எட்டிப்பார்க்கும். இதற்கான சீனியைத் தருவதும் அந்த ஒற்றை இலைதான்.

வெளியிலிருந்து ஒட்சினைக் கொட்டினால் இன்னும் வேகமாக வருமே என்பார்கள். வேரைத் தொடங்கிவைக்கும் அளவு வேறு, வளர்க்கும் அளவு வேறு. கிளம்பிய வேரின் நீட்சியை மிகுதியான ஒட்சின் தடுத்துவிடும். களைக்கு அடிக்கும் 2,4-டி செயற்கை ஒட்சின்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே களைநாசினி அடித்த தெளிகருவியை நர்சரிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ரோஜாத் தண்டுக்குப் பொடி தொட்டு நடுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நான் பேசுவது தேயிலையைப் பற்றி.

கட்டிங் வேர் பிடிக்காமல் போவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் மண். தேயிலைக்கு அமில மண் வேண்டும். நர்சரி மண்ணின் பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் வெட்டுவாயில் வெள்ளையாக ஒரு கட்டி திரளும், வேர் வராது. பிடுங்கிப் பார்த்தால் பட்டாணி அளவு உருண்டை இருக்கும், மேலே இலையும் பச்சையாகவே நிற்கும். ஒட்சின் வந்து சேர்ந்திருக்கிறது, கலங்களும் பெருகியிருக்கின்றன, வேராக மட்டும் மாறவில்லை. வீட்டு அடுப்புச் சாம்பலை உரமென்று அள்ளிப் போட்ட மண்ணில் இதுதான் நடக்கும். எந்தப் பொடி தடவினாலும் அது சரியாகாது.

அடுத்தது இறுக்கம். பொலித்தீன் பையில் களிமண்ணை அமுக்கி நிரப்புகிறார்கள். வேரிலிருந்து எதிலீன் என்ற வாயு ஓமோன் எப்போதும் வெளியேறிக்கொண்டிருக்கும். மண் இறுகினால் அது போக வழியின்றி வேரைச் சுற்றியே தேங்கும். வேர் நீளாமல் தடித்து நின்றுவிடும். 2021இல் ஷாங்காய், நொட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் இதை நெல்லில் காட்டினார்கள். எதிலீனை உணராத நெல்வகையின் வேர் இறுகிய மண்ணையும் துளைத்துக்கொண்டு போனது. ஆக, வேரைத் தடுத்தது மண்ணின் கடினம் மட்டுமல்ல, தேங்கிய ஓமோனும்தான்.

ஊவாவில் இந்தத் தவறுகளுக்கெல்லாம் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவுகள் நனையும்போது, நமுனுகுல, பசறை, மடுல்சீமைப் பக்கம் கச்சான் காற்று காய்ந்து வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் வரும் வாசத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் உண்டு. செடிக்கோ அது பஞ்சகாலம். மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடுகிறது. இலைத்துளைகள் மூடுகின்றன, கொழுந்து ஓட்டம் நிற்கிறது. ஆனால் வேரின் வளர்ச்சியை அதே ஓமோன் ஓரளவு காப்பாற்றுகிறது. மேலே அடங்கி, கீழே தண்ணீர் தேடும் ஏற்பாடு. பழைய விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு, ஆழத்துக்குப் போய்விடும். கட்டிங்கில் வந்த வீ.பி. தேயிலைக்கு அது கிடையாது. தண்டிலிருந்து கிளம்பிய வேர்களே பக்கவாட்டிலும் கீழும் பரவ வேண்டும். வகைக்கு வகை வித்தியாசமும் உண்டு: தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 என்ற வகை வரட்சியைத் தாங்கும், டி.ஆர்.ஐ. 2023 அவ்வளவு தாங்காது. எந்த வகையானாலும், பையில் சுருண்ட வேரோடு நட்டது கச்சானுக்குத் தாங்காது. நடும்போது பையை முழுதாகக் கிழித்து எடுத்து, அடியில் சுருண்டதை வெட்டிவிட வேண்டும். பையோடு குழியில் வைத்துவிட்டுப் போனவற்றை நான் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். வருடங்கள் கழித்தும் வேர் அந்தப் பை அகலத்திலேயே நின்றது.

தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. தலைமையகம் தலவாக்கலையில் இருந்தாலும் ஊவாவுக்காகப் பசறையில் கிளை இருக்கிறது. பொடிக்குச் செலவழிக்க வைத்திருக்கும் காசோடு அங்கே போய், நர்சரிக்கு எடுக்கப்போகும் மண்ணில் ஒரு பையைக் கொடுத்துப் பி.எச். பார்த்துக் கேளுங்கள். மிச்சக் காசுக்கு ஒரு நல்ல கத்தி வாங்குங்கள்.