தோளில் ஏறும் ஐந்து கிலோ

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவத்தில் 24ஆம் நாள் தேர். விடியுமுன்னரே வெளிவீதி நிறைந்துவிடும். கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனங்களுக்கு இடமில்லை; வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தே வரவேண்டும். கமராக்காரருக்கும் அதே நடைதான். உள்ளே படம் பிடிக்க அனுமதி இல்லாததால் அவருடைய வேலை முழுவதும் வெளியிலே, வெயிலிலே, சனத்துக்கு நடுவிலே. வேட்டி, இடுப்பில் வரிந்து கட்டிய சால்வை, வெறும் மேல், அதற்குக் குறுக்கே ஒரு கமராப் பை.

தேர் இருப்புக்குத் திரும்பி, அவர் நிழலில் ஒதுங்கிப் பையைக் கழற்றும்போது தோளைப் பார்க்கவேண்டும். இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்த தடம் ஒன்று கழுத்தடியிலிருந்து இறங்கும். தடத்தின் ஓரத்தில் நைலோன் பட்டியின் பின்னல்கூட அப்படியே அச்சாகப் பதிந்திருக்கும்.

அந்தப் பைக்குள் எவ்வளவு பாரம்? கோயில், கல்யாண வீடு என்று ஓடுகிறவர்கள் பலகாலம் நம்பி வைத்திருக்கும் ஒரு தொகுதியை நிறுத்துப் பார்க்கலாம். கெனன் 5டி மார்க் 4 உடல், பற்றரியோடு 890 கிராம். 24-70 மில்லிமீற்றர் வில்லை 805 கிராம். 70-200 வில்லை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இவை மூன்றும் சேர்ந்தே 3 கிலோவைத் தாண்டிவிடும். பிளாஷ், மாற்றுப் பற்றரிகள், ஒரு தண்ணீர்ப் போத்தல், பையின் சொந்தப் பாரம் எல்லாம் சேர 5 கிலோ ஆகிவிடும்.

முதுகில் இரு பட்டியோடு கொழுவும் பை இதைவிட வசதிதானே என்று கேட்கலாம். பாரத்தைக் காவுவதற்கு அதுதான் வசதி. ஆனால் வில்லை மாற்ற அதைக் கழற்றி நிலத்தில் வைக்கவேண்டும். தேர் வீதியில் நிலம் எங்கே இருக்கிறது? சோழகக் காற்று மணலைக் கிளப்பும் காலம் வேறு. குறுக்குப் பையைக் கழற்றவே தேவையில்லை. இழுத்தால் நெஞ்சுக்கு வரும், திறந்து எடுத்து மூடித் தள்ளினால் முதுகுக்குப் போகும். இந்த ஒரு வசதிக்காகத்தான் ஒற்றைத் தோள் அத்தனையையும் தாங்குகிறது. அதனால் பையைத் தெரிவுசெய்யும்போது எத்தனை அறை, என்ன நிறம் என்று பார்க்கு முன், அந்தத் தோளுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் நின்ற துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடுகாலில் இருந்து நெடுந்தூரம் நீண்ட முனையில் வாளி. மறுபக்கம் குட்டையான, கனத்த அடி. கை எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு அந்தப் பக்கத்துப் பாரம் கூடவேண்டும், இல்லாவிட்டால் துலா சமநிலைக்கு வராது. ஒரே தோளில், அதே பக்கத்து விலாவோடு பையைத் தொங்கவிட்டு நிற்கும் மனிதரும் ஒரு துலாதான். முதுகுத் தண்டு ஆடுகால். பை அதிலிருந்து ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் தள்ளித் தொங்குகிறது. அதை எதிர்த்து இழுக்கவேண்டிய தசைகளோ தண்டுக்கு மறுபக்கத்தில் 5 சென்ரிமீற்றர் அளவு தூரத்திலேயே இருக்கின்றன. தூரம் நான்கில் ஒன்று என்பதால் இழுவை நான்கு மடங்கு: 5 கிலோவுக்குப் பதிலாக 20 கிலோ. இரண்டையும் சேர்த்தால் தண்டின் மேல் 25 கிலோ இறங்குகிறது. உடல் இதைக் குறைக்கத் தானாகவே மறுபக்கம் சாயும், பட்டி வழுகாமல் இருக்கத் தோளை உயர்த்திப் பிடிக்கும். மணிக்கணக்காக அப்படி உயர்ந்தே நிற்கும் தோளில் தசை இறுகியபடியே இருப்பதால் அதற்குள் இரத்த ஓட்டம் குறையும். இரவில் பிடரியில் குத்தும் நோவு அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டுப் பையை முதுகின் நடுவுக்கு, உயரமாக, உடலோடு ஒட்டக் கொண்டுவந்துவிட்டால் 20 சென்ரிமீற்றர் 5 ஆகக் குறையும். இழுவையும் 20 கிலோவிலிருந்து 5 கிலோவுக்கு வந்துவிடும். பை அதே பை, பொருளும் அதே பொருள். பட்டியைக் குறுக்கே போட்டு நீளத்தைச் சுருக்கியது மட்டுமே மாற்றம்.

அடுத்தது அழுத்தம். பட்டியின் அகலம் இரண்டரைச் சென்ரிமீற்றர், தோளில் படியும் நீளம் 8 என்றால் 5 கிலோவும் 20 சதுர சென்ரிமீற்றரில் இறங்கும். இதை வைத்தியர் இரத்த அழுத்தம் அளக்கும் அலகிலேயே சொன்னால் 180 மில்லிமீற்றருக்கு மேல். தோலுக்குள் ஓடும் மயிர்த்துளைக் குழாய்களில் இருக்கும் அழுத்தம் சுமார் 30 தான். அவை நசிந்து மூடிக்கொள்ள வேறென்ன வேண்டும்! அகலம் 6 சென்ரிமீற்றர் ஆகி, வளைந்த மெத்தை 10 சென்ரிமீற்றருக்குப் படிந்தால் அதே கணக்கு 60 அளவுக்கு இறங்கும். அதுவும் 30ஐ விடக் கூடத்தான். ஆகையால் எவ்வளவு நல்ல பட்டியானாலும் இடையிடையே கழற்றித் தோளுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும், அல்லது தோளை மாற்றவேண்டும். சில பைகள் இடத் தோளுக்கு மட்டுமே பொருந்தும்படி வெட்டப்பட்டவை. கொளுக்கியை மறுபக்கம் மாற்றி மாட்ட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

மெத்தை மொத்தமாக இருந்தால் போதும் என்று நினைப்பது பரவலான தவறு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். ஒரு விரல் மற்ற விரலைத் தொடுவதுபோல் உணர்ந்தால், அந்தப் பஞ்சு உங்கள் பாரத்தின் கீழும் அப்படியே தட்டையாகிவிடும். பிறகு அது வெறும் துணிப்பட்டிதான். மெல்லியதானாலும் விறைப்பான மெத்தை பாரத்தைப் பரப்பித் தரும். பட்டி கழுத்தை ஒட்டிப் போகிறதா என்பதையும் கவனிக்கவேண்டும். கழுத்துக்கும் காறை எலும்புக்கும் இடையில் கைக்குப் போகும் நரம்புகள் ஒரு கட்டாக இறங்குகின்றன. அங்கே நெரித்தால் விரல்கள் விறைக்கும். பெண்களுக்கு நேர்ப்பட்டி நெஞ்சில் இடறும்; அவர்கள் உடலோடு வளைந்து போகும் பட்டியைத் தேடுவது நல்லது.

நல்லூரில் இன்னொன்றும் சேரும். வெறும் மேலில் வியர்வை. ஈரமான தோலில் பட்டி காய்ந்த தோலைவிடக் கூடப் பிடித்துக்கொண்டு உராயும். பையை முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கும் ஒவ்வொரு முறையும் தோல் சேர்ந்து இழுபடும். இடுப்புச் சால்வைக்குப் பக்கத்தில் ஒரு பருத்தித் துவாயையும் வைத்திருந்து, மடித்துப் பட்டிக்குக் கீழ் போட்டுக்கொண்டால் உராய்வு துணிக்கும் பட்டிக்கும் இடையில் நடக்கும், தோல் தப்பும். திருவிழா முடிந்ததும் பட்டியைத் தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். வியர்வை உப்புப் படிந்த நைலோன் மறுநாள் அரம் மாதிரி.

தொங்கும் பை ஊசலாடும் என்பது தெரிந்ததே. 60 சென்ரிமீற்றர் கீழே தொங்கினால் ஒருமுறை போய்வர ஏறத்தாழ ஒன்றரை விநாடி. சனத்துக்குள் மெல்ல எடுத்துவைக்கும் இரண்டு அடிகளுக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவது போல ஒவ்வொரு நடையும் பையை ஆட்டிவிடும். பட்டியைச் சுருக்கினாலோ, விலாவைச் சுற்றி ஓடும் சிறு துணைப்பட்டியை மாட்டினாலோ ஆட்டம் அடங்கும்.

காவுதல் என்ற சொல் யாழ்ப்பாணத்து நாவில் இன்றும் புழங்குகிறது. இரு முனையிலும் பாரம் கட்டித் தோளில் வைக்கும் தடிக்குக் ‘கா’ என்று பெயர். காவடி அதன் வழி வந்தது. ஆசிய நாடுகளின் வளையும் மூங்கில் தடியைக் குறித்து 1991இல் றொட்ஜர் கிராம் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். வளையும் குழாய்களில் பாரம் தொங்கவிட்டு ஆட்களை ஓடவிட்டு அளந்தார். முதுகுப்பையோடு ஒப்பிட்டால் சக்திச் செலவு குறையவில்லை. அடிக்கு அடி தோளில் விழும் உச்ச விசை மட்டும் நன்றாகக் குறைந்தது. இதைப் பார்த்து ரப்பர் போல் இழுபடும் பட்டிகளை நம்பிவிடவேண்டாம். நெடுந்தடி மெல்ல ஆடும், காலடி அதைவிட வேகமாக விழும். அதனால்தான் தோள் தப்புகிறது. குட்டையான இழுபட்டி காலடியோடு சேர்ந்தே குதிக்கக்கூடும். கடையில் நின்றபடி தோளில் போடும்போது இலேசாகத் தெரியும் பட்டி, அரை மைல் நடந்ததும் வேறு மாதிரி இருக்கும்.

இன்னும் நல்ல பாடம் பனையில் இருக்கிறது. சீவல் தொழிலாளி பாளைக்கத்தி வைத்த இயனக்கூட்டையும் முட்டியையும் இடுப்பிலே கொழுவிக்கொண்டுதான் ஏறுவார். இரண்டு கையும் மரத்துக்கு வேண்டும். பாரம் உடலின் ஈர்ப்பு மையத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும், தள்ளி இருந்தால் மரத்தை விட்டு வெளியே இழுக்கும். இடுப்பில் கட்டிய பாரம் இடுப்பெலும்பிலிருந்து நேரே காலுக்குப் போகும். தோளும் தண்டும் வழியிலேயே இல்லை. ஆகவே இடுப்புப்பட்டியும் சேர்ந்த குறுக்குப் பை கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் காசு கொடுக்கலாம்.

சுண்டிக்குளத்தில் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் நீண்ட வில்லைகளைக் காவுகிறவர்கள். 150-600 மில்லிமீற்றர் வில்லை ஒன்றே 2 கிலோ அளவுக்கு வந்துவிடும். முக்காலியும் சேர்ந்தால் குறுக்குப் பையைக் கைவிட்டு இரு பட்டியும் இடுப்புப்பட்டியும் உள்ள முதுகுப்பைக்குப் போவதுதான் சரி. கரையில் பையைக் கீழே வைக்க இடமும் இருக்கிறது, அவசரமும் இல்லை.

வாங்கப் போகும்போது உங்கள் கமராவையும் வில்லைகளையும் கொண்டுபோங்கள். வெறும் பையைத் தோளில் போட்டுப் பார்த்து எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் உள்ளே வைத்து, கனத்ததை முதுகை ஒட்டிய பக்கமாக அடுக்கி, கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்துவிட்டு, கண்ணாடி முன் நின்று ஒரு தோள் மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பையை நெஞ்சுக்கு இழுத்து, ஒரு கையால் திறந்து, வில்லையை எடுத்து, திரும்ப வைத்து மூடுங்கள். திறந்த வாய் மேல்நோக்கி நிற்காத பை எதையாவது மணலில் கொட்டிவிடும்.

நெடுந்தீவுக் குதிரைகளைப் படம் பிடிக்கக் குறிகட்டுவானில் படகேறுகிறவர்கள் இன்னொன்றும் செய்து பார்க்கவேண்டும். 5 கிலோவை நெஞ்சுக்குக் குறுக்கே இறுகக் கட்டியபடி கடலில் விழுந்தால் அதுவே கீழே இழுக்கும். படகில் இருக்கும் நேரம் பையைக் கழற்றி மடியில் வைத்திருப்பது நல்லது. கழற்ற இடமில்லை என்றால், இறங்குதுறையில் நிற்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால், கொளுக்கியை விடுவிக்க முடிகிறதா என்று இரண்டு மூன்று முறை பழகிக்கொள்ளுங்கள்.