காட்டிக்கொடுக்காத விரல்கள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு சுண்ணாம்புக்கல் குவாரிகள். 1918இல் அங்கே போனார் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த கைகளில் விரல்கள் குளிரில் மெழுகாய் வெளுத்து மரத்துப்போயிருந்தன. சற்று நேரத்தில் பழைய நிறம் திரும்பிவிடும். சிக்கலே அதுதான். டாக்டரிடம் போகும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

எனவேதான் பிரிட்டனில் 2005இல் வந்த அதிர்வு விதிகளின்படி நடக்கும் கண்காணிப்பு, ஒரு கேள்வித்தாளில் தொடங்குகிறது. வேலையில் சேரும்போது ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். விரல் வெளுக்கிறதா? மதமதக்கிறதா? சட்டைப் பித்தானைப் போட முடிகிறதா? 'ஆம்' என்றால் பயிற்சி பெற்ற நர்ஸ் சோதிப்பார், தேவைப்பட்டால் டாக்டர்.

ஏற்பாடு சரிதான். ஆனால் 'ஆம்' என்று எழுதத் துணிச்சல் வேண்டுமே! மெஷினைப் பிடுங்கிக்கொண்டால் கூலி போச்சு என்ற பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. மறைத்தாலோ, ரத்த ஓட்டக் கோளாறாவது ஓரளவு தணியலாம். நரம்புச் சேதம் பெரும்பாலும் சரியாவதில்லை.

வெப்ப நாடுகளில் இன்னொரு ஏமாற்று. குளிர் இல்லாததால் விரல் வெளுப்பது அரிது; மரத்துப்போவதுதான் முக்கிய அறிகுறி. நம் சமவெளியில் ஜாக்ஹாமரால் பாறை துளைப்பவரிடம் 'வெளுக்கிறதா?' என்று மட்டும் கேட்டால் 'இல்லை' என்பார். அவர் பொய் சொல்லவில்லை.